சத்தம் போட்டால் நம்பிவிடுவோமா?

தொலைக்காட்சி விளம்பரங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே இரவுச் செய்திக்குள் ஒரே சவர்க்காரம் திரும்பத் திரும்ப வந்து கத்துகிறது. இவ்வளவு காசைக் கொட்டி இந்த நிறுவனங்கள் எங்களிடம் எரிச்சலைத்தான் சம்பாதிக்கின்றன.

விளம்பரம் வந்ததும் சத்தம் கூடுவது எங்கள் பிரமை இல்லை. படத்தில் ஆட்கள் மெதுவாகக் கதைப்பார்கள், எப்போதாவது ஒரு வெடிச்சத்தம் வரும். ஒலியின் உச்சம் அந்தக் கணத்தோடு போய்விடும். விளம்பரத்திலோ முப்பது வினாடியும் அந்த உச்சத்தை ஒட்டியே ஓடும். அமெரிக்காவில் இதற்கென்றே 2010இல் சட்டம் போட்டு, 2012 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் தொலைக்காட்சி இருக்கிற அறையில்தான் பிள்ளை படிக்கிறது, வயதானவர்கள் படுக்கிறார்கள். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டு எழும்புகிற முதியவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஏன் என்று, இலங்கையின் வடக்கில் போரைக் கடந்துவந்த எங்கள் வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சரி, திரும்பத் திரும்பச் சொன்னால் மனதில் பதியும் என்பார்கள். பெயர் பதியும், அது உண்மைதான். ஒன்றை அடிக்கடி பார்த்தாலே அதில் விருப்பம் வரும் என்று 1968இல் ஸையன்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். ஆனால் 1979இல் கசியோப்போ, பெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. ஒரே வாதத்தைச் சில தடவை கேட்கும்போது இணக்கம் கூடுகிறது. அதற்கு மேலும் கேட்டால் மனம் எதிர்வாதம் தேடத் தொடங்கிவிடுகிறது, இணக்கம் குறைகிறது. ஒரு நாடகத்துக்குள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டு, அடுத்த நாளும் அதையே போடுகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பால்மா விளம்பரங்களைப் பார்த்துத்தான். குடித்த பிள்ளை ஓட்டப்போட்டியில் முதலாவதாக வருகிறது. குடிக்காத பிள்ளை சோர்ந்து நிற்கிறது. அதன் தாய் குற்றம் செய்தவள் போலத் தலைகுனிகிறாள். 2022இல் ஒரு பக்கற்றுக்காக வரிசையில் நின்ற தாய்மாருக்கு இதைக் காட்டுகிறார்கள். கூலி வேலைக்குப் போய்த் தனியாகக் குடும்பம் பார்க்கிற பெண்ணுக்கு அந்தப் பக்கற்றின் விலை நாள் கூலியில் பெரும்பங்கு. வாங்க முடியாதவளைக் கூசவைத்தால் அவள் வாங்கிவிடுவாளா? பட்டி மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் ஒரு போத்தல் பால் வாங்கிப் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாள். அதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது கடன் விளம்பரம். புதுச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு விவசாயி வரம்பில் நின்று சிரிக்கிறார். காலில் சேறில்லை. வயலில் கதிர் முற்றிச் சாய்ந்திருக்கிறது, அவர் தோளில் மண்வெட்டி. வெட்டுக்கு நிற்கிற வயலில் மண்வெட்டிக்கு என்ன வேலை? இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒருவருக்கு இது ஒரே பார்வையில் தெரியும். எங்களைத் தெரியாத ஆட்கள் எடுத்த படம் இது. சிங்களத்தில் எடுத்ததற்கு மேல் தமிழை ஒட்டியதால் வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். நுண்கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. கடன் தவணை கேட்டு வாரா வாரம் வாசலில் வந்து நின்ற ஆளை மறக்காத பெண்ணுக்கு இந்தச் சிரிப்பு எப்படி எடுபடும்?

தமிழ்நாட்டு அலைவரிசைகளைப் போட்டால் சென்னையில் வீட்டுமனை, அங்கத்தைய நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி. முல்லைத்தீவில் இருந்து பார்ப்பவருக்கு அதனால் என்ன பயன்?

இங்கே ஒரு பொருளை நம்ப வைப்பது வேறு ஆட்கள். களைநாசினி என்றால் பக்கத்து வயல்காரர் அடித்து எப்படி வந்தது என்று பார்க்கிறோம். சலவைத்தூள் என்றால் கொப்பியில் எழுதிக் கடன் தருகிற கடைக்கார அண்ணையிடம் கேட்கிறோம். சரியில்லாததைத் தந்தால் நாளைக்கே அவர் முகத்துக்கு முன்னால் போய் நிற்கலாம். தொலைக்காட்சியில் சிரிக்கிற நடிகையிடம் யார் போய்க் கேட்பது?

விளம்பரம் என்றாலே கேட்க மாட்டோம் என்றும் இல்லை. வானொலியில் போகிற மரண அறிவித்தலும் காசு கட்டிப் போடுவதுதான். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகன், யாருடைய கணவர், எத்தனை மணிக்கு எந்த மயானம். ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முழங்காவில் என்று ஊர்ப்பெயர் காதில் விழுந்ததும் சமையல் செய்கிறவரும் அகப்பையை வைத்துவிட்டுக் கேட்பார். கடைசியில் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று சொன்னவர் யாரென்றும் வந்துவிடும். கேட்பவருக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது.

வன்னியில் விற்க விரும்புகிற நிறுவனங்களிடம் நான் கேட்பதும் இந்த அளவுதான். நீரிறைக்கும் இயந்திரம் விற்கிறீர்களா? விலையைச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்லுங்கள். சிறுபோகத்தின் நடுவில் நின்றுபோனால் உதிரிப்பாகம் கிளிநொச்சியிலேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வரும்வரை பயிரைக் காயவிட வேண்டுமா என்று சொல்லுங்கள்.