இரும்பு நாடு வெறும் மண்டபம் இல்லை

நேற்று ராத்திரி அண்ணன் மகனோடு உட்கார்ந்து நருட்டோ என்ற ஜப்பானிய அனிமே தொடரில் ஐந்து காகேக்களும் (கிராமத் தலைவர்களும்) கூடிப் பேசும் பகுதியை மறுபடி பார்த்தேன். பத்தாவது படிக்கிறான், பேச்சு வந்தாலே தள்ளிவிட்டுச் சண்டைக்குப் போகிற வயசு. "இந்த இரும்பு நாடு கதையில எதுக்கு சித்தப்பா? கூட்டம் போட இடம் குடுத்த கல்யாண மண்டபம் மாதிரிதான இருக்கு" என்றான். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. காலையிலிருந்து அதே நினைப்பு, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பார்க்காதவர்களுக்கு: அந்தக் கதையுலகில் ஐந்து பெரிய நாடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிஞ்சா கிராமம், அதற்குத் தலைவராக ஒரு காகே. தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். இவர்களுக்கு வெளியே, பனி மூடிய மலைகளுக்கு நடுவில் இரும்பு நாடு. அங்கே நிஞ்சாக்களே கிடையாது, சாமுராய்கள்தான் காவல். தலைவர் மிஃபுனே என்ற வயசான மனிதர். நிஞ்சாக்கள் அந்த நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது பழைய காலத்து ஏற்பாடு. அதனால்தான் ஐந்து பேரும் அங்கே வந்து உட்கார்கிறார்கள்.

கூட்டம் தொடங்குவதைக் கவனியுங்கள். தொப்பிகளை மேசைமேல் வைக்கச் சொல்கிறார் மிஃபுனே. கொஞ்ச நேரத்தில் மின்னல் நாட்டுக் காகேயான ராய்காகே கோபத்தில் மேசையை ஓங்கிக் குத்தி உடைக்கிறார், எல்லோருடைய மெய்க்காவலர்களும் பாய்ந்து நடுவில் நிற்கிறார்கள், ஒரு நொடியில் அந்த அறை போர்க்களமாகியிருக்கும். அப்போது மிஃபுனே வாளைத் தொடவே இல்லை. இது பேசுகிற இடம், மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்கிற மாதிரிதான் சொல்கிறார். அவ்வளவுதான், எல்லோரும் பின்வாங்குகிறார்கள். ஐந்து பேரில் யார் நினைத்திருந்தாலும் அந்தக் கட்டடத்தையே தரைமட்டமாக்கியிருக்கலாம். ஆனாலும் அடங்குகிறார்கள், ஏனென்றால் அந்த மனிதர் யார் பக்கமும் சாயமாட்டார் என்று ஐந்து பேரும் நம்புகிறார்கள். மண்டபத்தை யாரும் வாடகைக்கு விடலாம். இந்த நம்பிக்கையை வாடகைக்கு எடுக்க முடியாது.

அடுத்து வருவதுதான் கதையிலேயே கொடுமையான இடம் என்பேன். ஐந்து நாடும் சேர்ந்து ஒரே படை அமைக்க வேண்டும், தலைமைக்கு யார் என்ற பேச்சு. மிஃபுனே ஒவ்வொருவராக எடைபோடுகிறார். காற்று நாட்டுக் காகே காரா ரொம்பச் சின்னவர், பூமி நாட்டுக் காகே சுச்சிகாகேவுக்கு வயசு அதிகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், நெருப்பு நாட்டின் சார்பில் வந்த டான்சோவிடம் வந்து நிற்கிறார். கேட்க நியாயமாகவே இருக்கும். முதல் தடவை பார்த்தபோது நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் நீர் நாட்டுத் தலைவியோடு வந்த ஆவோ கண்டுபிடித்துக் கத்துகிறார்: டான்சோ கட்டுக்குள் மறைத்துவைத்திருக்கும் கண்ணால் மிஃபுனேயின் மனதையே பிடித்துத் தன் வாயால் சொல்ல வேண்டியதை அவர் வாயால் சொல்லவைத்திருக்கிறார்.

கிராமத்தை விட்டு ஓடிய நிஞ்சாவான சசுகே அந்தக் கூடத்துக்குள் புகுந்து அத்தனை சாமுராய்களை வெட்டியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரும்பு நாடு விழுந்தது அதற்கு முன்னாலேயே. எல்லையில் ஒரு பனித்துளி நகரவில்லை, ஒரு காவலன் சாகவில்லை. நடுவராக உட்கார்ந்தவரின் தீர்ப்பை ஒருவன் திருடினான், நாட்டின் நடுநிலை அங்கேயே போய்விட்டது.

வாள் பலம் இருந்ததால்தான் அவர்கள் நடுநிலையாக இருக்க முடிந்தது என்று சிலர் வாதாடுவார்கள். வாள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நடுநிலை என்பது ஒரு நாடு தனியாகத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிற பொருள் கிடையாது. அக்கம்பக்கத்துக்காரர்கள் மதித்தால்தான் உண்டு. பெல்ஜியத்தின் நடுநிலையைப் பெரிய நாடுகள் 1839-இல் லண்டனில் கையெழுத்துப் போட்டே உறுதிசெய்தன. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை அதன் வழியாகத்தான் நடந்து போனது.

சாமுராய்கள் ஆண்ட நடுநிலை நாடு நிஜத்தில் இருந்ததா என்றால், டோகுகாவா காலத்து ஜப்பானைக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1603 முதல் 1868 வரை சாமுராய் ஆட்சிதான், 1638-இல் ஷிமபாரா கலகம் அடங்கியபின் இருநூறு வருஷத்துக்கு மேல் பெரிய போர் இல்லை, சம்பளமாக அரிசி வாங்கிக்கொண்டு கணக்கெழுதிய சாமுராய்கள் ஏராளம். ஆனால் அவர்கள் செய்தது கதவைச் சாத்திக்கொண்டது. நடுநிலைக்குப் பகையாளிகள் இருவரும் வந்துபோக ஒரு வாசல் வேண்டும்.

என் மனதில் நிற்பது வேறொன்று, எஸோ. ஜப்பானின் வடகோடித் தீவான இன்றைய ஹொக்கைடோ. ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் ஆட்சி கவிழ்ந்ததும், அவருடைய கடற்படையை நடத்திய எனோமோட்டோ டகேயாகி 1868-இல் எட்டுக் கப்பல்களோடு வடக்கே போனார். ஹகோடாடேவில் இருந்த கோர்யோகாகு என்ற நட்சத்திர வடிவக் கோட்டையைப் பிடித்தார்கள். பிழைப்பு இழந்த சாமுராய்கள் இங்கே நிலம் திருத்தி வாழட்டும், வடக்கு எல்லையையும் காக்கிறோம் என்று பேரரசருக்கு மனு எழுதினார்கள். ஏற்கவில்லை. 1869 ஜனவரியில் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி எனோமோட்டோவைத் தலைவராக்கினார்கள். வாக்கு சாமுராய் அதிகாரிகளுக்கு மட்டும்தான். அது ஐனு மக்களின் மண், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இதையும் சொல்லாமல் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

நடுநிலை இங்கே எப்படி வருகிறது பாருங்கள். ஷோகுன் அரசு அமெரிக்காவிடம் ஒரு இரும்புக் கவசப் போர்க்கப்பல் வாங்கியிருந்தது. அது யோகோஹாமா வந்து சேர்வதற்குள் ஷோகுன் தரப்புக்கும் பேரரசர் தரப்புக்கும் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது, நாங்கள் நடுநிலை என்று சொல்லி அமெரிக்கா இரண்டு தரப்புக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்தது. அது எதிரி கைக்குப் போகாதவரைக்கும் எஸோவுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது. 1869 தொடக்கத்தில் வெளிநாடுகள் நடுநிலையை விலக்கிக்கொண்டன, கப்பல் பேரரசரின் புதிய அரசின் கைக்குப் போனது. எனோமோட்டோவின் பெரிய கப்பலான காயோ மாரு அதற்கு முன்பே எசாஷி அருகே புயலில் மூழ்கிப்போயிருந்தது.

அந்த இரும்புக் கப்பலைப் பறிக்க மே மாதம் மியாகோ விரிகுடாவுக்குப் போனார்கள். அமெரிக்கக் கொடியைக் கட்டிக்கொண்டு கிட்டே போய், கடைசி நிமிஷத்தில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். இவர்கள் கப்பலின் தளம் அதைவிடச் சுமார் மூன்று மீட்டர் உயரம். வாளை உருவிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத்தான் கீழே குதிக்க முடியும், கீழே விடாமல் சுடும் காட்லிங் துப்பாக்கி சுழன்றுகொண்டிருந்தது. ஜூன் கடைசியில் கோட்டை சரணடைந்தது. தேர்தல் நடந்து ஐந்தே மாதம்.

சரணடைவதற்கு முன்னால் எனோமோட்டோ ஒரு காரியம் செய்தார். நெதர்லாந்தில் படித்தபோது கொண்டுவந்த சர்வதேசக் கடல் சட்ட நூல் ஒன்றைப் போகிற இடமெல்லாம் கூடவே வைத்திருந்தார். கோட்டை எரிந்தால் இது நாட்டுக்கே நஷ்டம் என்று, முற்றுகையிட்டிருந்த எதிரித் தளபதி குரோடாவுக்கே அதை அனுப்பிவைத்தார். குரோடா பதிலுக்கு சாக்கே என்ற அரிசி மதுப் பீப்பாய்கள் அனுப்பினார். பின்னால் எனோமோட்டோவின் உயிருக்காகத் தலையை மழித்துக்கொண்டு வாதாடியவரும் அதே குரோடாதான். இதைப் படித்த அன்றைக்குத்தான் மிஃபுனே மாதிரி ஒரு மனிதரை என்னால் முழுசாக நம்ப முடிந்தது.

கடைசியில் மிஃபுனேயும் கூட்டணியில் சேர்ந்து போருக்குப் போகிறாரே, அப்போது நடுநிலை என்னவாயிற்று என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எதிரில் வந்தவன் ஐந்து நாட்டின் மேலும் ஒரே நாளில் போர் அறிவித்துவிட்டான், மனிதர் எல்லோரையும் ஒரே மயக்கத்துக்குள் தள்ளப்போகிறேன் என்கிறான். நடுவில் நிற்க இரண்டு பக்கம் இருந்தால்தானே? அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் அந்தப் படை புறப்படுவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

டேய், அடுத்த தடவை தள்ளிவிடாமல் பார். ஆவோ கத்தினதும் எல்லோரும் டான்சோ பக்கம் திரும்புவார்கள். நீ மிஃபுனேயின் முகத்தைப் பார்.