சிவப்பு நாடா என்றால் இரண்டாம் இடமா?
கனடாவில் பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்பு நாடா பெற்ற பிள்ளையின் படம் ஒன்று, ‘இரண்டாம் இடம், உலகெங்கும் நீலமே முதலிடம்’ என்ற குறிப்புடன் யாழ்ப்பாண வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. படத்தைப் பெரிதாக்கினால் நாடாவில் பொன்னெழுத்தில் ‘1’ தெரிகிறது. ஆறுதல் சொன்ன மாமிமார் அதைக் கவனிக்கவில்லை போலும்.

நீலம் முதலிடம், சிவப்பு இரண்டாமிடம், வெள்ளை மூன்றாமிடம் என்பது அமெரிக்க வழக்கம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பொதுவாகச் சிவப்பே முதலிடம், நீலம் அடுத்தது. அமெரிக்காவிலும் சில வேளாண் கண்காட்சிகளில் உரிய தரத்தை எட்டிய எல்லாருக்கும் நீல நாடா உண்டு. ஒரே மேசையில் பல தக்காளித் தட்டுகளில் அதைக் காணலாம். நம்மூர் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலோ நிறம் இல்லத்தையே குறிக்கும்.