அந்த மணியைத் திருப்பிக் கட்டுங்கள் தம்பி

வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள், அதில் நாலு பேர் கைதட்டும் பொம்மையோடு. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. வீடியோ போடுகிற நம்மூர்த் தம்பி ஒருவர், இங்கே அமெரிக்காவில் ஒரு பனிமலையில், ஸ்கீயை (பனிச்சறுக்குப் பலகை) கழற்றிவிட்டு மரங்களுக்குள் நுழைகிறார். ஃபிர் மரத்தடியில் ஒரு வயதானவரின் போட்டோ, ஒற்றைத் தோல் பூட்ஸ், ஒரு தெர்மாஸ் மூடி. கிளையில் பித்தளை மணி. "மக்களே, நம்ம ஊரு மணி! வெள்ளைக்காரன் எங்கேயோ சுட்டுட்டு வந்து மரத்துல தொங்கவிட்டிருக்கான்." கிளையை ஒடிக்கிறார். மணி பைக்குள் போகிறது. "மீட்டாச்சு!" பின்னணியில் உடுக்கைச் சத்தம்.

கீழே கமெண்டில் சிலை மீட்புக்கு நிகரான கொண்டாட்டம். சோழர் காலத்து நடராஜர் ஊர் திரும்பியபோதுகூட இத்தனை இதயம் விழுந்திருக்காது.

அது சோழர் காலத்து மணி இல்லை தம்பி. 2016-ல் நாச்சியார்கோயில் கடைத்தெருவில் நான் வாங்கியது. 350 ரூபாய். கடைக்காரர் 400 சொன்னார், என் மனைவி பேரம் பேசினாள்.

என்னுடையது என்பதற்காக மட்டும் கோபப்படவில்லை. யாருடையதாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன் (சரி, இவ்வளவு நீளமாகச் சொல்லியிருக்க மாட்டேன்). காட்டுக்குள் ஒரு மரத்தடியில் ஒரு பொருள் இருந்தால், அதை வைத்தவர் ஒருவர் இருக்கிறார். வைக்கப்பட்டவர் ஒருவரும் இருக்கிறார். நடுவில் போய்க் கைவைக்க நீங்கள் யார்?

பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த அமெரிக்க ஸ்கீ மலைகளில் சரிவுகளுக்கு நடுநடுவே காட்டை விட்டுவைத்திருப்பார்கள். அந்தத் திட்டுகளுக்குள், கம்பிவடத்தில் தொங்கி மேலே போகும் லிஃப்டில் போகிறவர் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து, யாராவது யாருக்காவது ஓர் இடம் செய்து வைத்திருப்பார்கள். ஷ்ரைன் என்பார்கள். மலை வரைபடத்தில் இருக்காது, அம்புக்குறி இருக்காது. இதற்குப் பேர்போன ஊர் கொலராடோவின் ஆஸ்பென். எல்விஸுக்கு ஒன்று, மர்லின் மன்றோவுக்கு ஒன்று, 1995-ல் செத்துப்போன ராக் பாடகர் ஜெரி கார்சியாவுக்கு ஒன்று, அந்த ஊரிலேயே வாழ்ந்த பாடகர் ஜான் டென்வருக்கு ஒன்று. பக்கத்து ஸ்னோமாஸ் மலையில் எழுத்தாளர் ஹன்டர் தாம்ப்சனுக்கு ஒன்று. பிரபலங்களுக்கு வைத்தது போக, பனிக்கு வெளியே யாருக்கும் பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு.

2022 மார்ச்சில் நானும் தேடிப் போனேன். குளிரில் இன்டிபென்டன்ஸ் கணவாயை மூடிவிடுவார்கள், டென்வர் நகரத்திலிருந்து கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் சுற்றித்தான் போகவேண்டும். நாலு மணி நேரம். மலைக்கு ஏற்றிப்போகும் கம்பிவடப் பெட்டியான கொண்டோலாவில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் கார்சியா ஷ்ரைன் எங்கே என்று கேட்டதும், நம்மூர் டீக்கடையில் வழி கேட்டால் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். அந்த வளைவு தாண்டி, சாய்ந்த மரம் ஒன்று வரும், அதற்கு முன்னாலேயே இடது பக்கம் ஒதுங்கு, தாண்டிவிட்டால் திரும்ப ஏறவேண்டும். தாண்டிவிட்டேன். இடுப்பளவு பனியில் ஏறி வந்தேன். மரமெல்லாம் பாசிமணி, வெயிலில் வெளுத்த கொடிகள், தாடிக்கார மனிதரின் படங்கள். நான் அவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. ஆனால் ஆட்டோ ஸ்டாண்டில் எம்ஜிஆர் படத்துக்குத் தினமும் பூ மாற்றுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்றிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஸ்கீயை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. நான் எதையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. இருப்பிடத்தைப் போட்டு வீடியோவும் போடவில்லை. தோன்றவே இல்லை.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். வரும் என்று தெரியும், உள்பெட்டியில் ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டன.

"அது குப்பைதானே சார்? காட்டுக்குள் பிளாஸ்டிக் போடலாமா?" போடக்கூடாது. தேசியக் காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் எதையும் கட்டவோ விட்டுவைக்கவோ கூடாது என்பது சட்டம். ஒப்புக்கொள்கிறேன். வனத்துறைக்காரர் வந்து அகற்றினால் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அது அவர் வேலை. ஆனால் தம்பி அங்கே குப்பை பொறுக்கப் போகவில்லையே! பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பூவை அவர் தொடக்கூட இல்லை, பித்தளையை மட்டும்தான் எடுத்தார். இன்னொன்றும் கேளுங்கள். ஆஸ்பென் மலையில் 'டம்ப்ஸ்' என்றே ஒரு பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கம் தோண்டியவர்கள் உள்ளேயிருந்து வாரிக் கொட்டிய கல்லும் மண்ணும்தான் அந்தச் செங்குத்துச் சரிவுகள். அந்தக் குப்பைமேட்டில் சறுக்க ஒரு நாள் டிக்கெட்டே இருநூறு டாலருக்கு மேல். அதெல்லாம் பாரம்பரியம். கிழவர் ஒருவரின் ஒற்றைப் பூட்ஸ் மட்டும் சுற்றுச்சூழல் பிரச்சினை.

"நினைவுச்சின்னம் வைக்கணும்னா முறையா வைக்கலாமே?" வைக்கிறார்கள். ஆஸ்பென் ஹைலண்ட்ஸில் 1984 மார்ச் 31 அன்று பனிச்சரிவைக் கட்டுப்படுத்தப் போன மூன்று பேட்ரோல்காரர்கள் (மலையில் பாதுகாப்பு பார்ப்பவர்கள்) அதே பனிச்சரிவில் செத்தார்கள். மூன்று பேர் பெயரிலும் மூன்று ரன், அதாவது சறுக்குப் பாதை, இருக்கிறது. வேல் என்ற ஸ்கீ ஊரில் ரீவா ரிட்ஜ் என்ற ரன், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பத்தாவது மலைப்படை இத்தாலியில் சண்டையிட்ட மலைமுகட்டின் பெயர். அந்தப் படைக்கு டென்னஸி கணவாயில் பெரிய கல்லே இருக்கிறது, மாண்டவர் பெயர்களைச் செதுக்கி. நல்லது. ஆனால் மார்கழிக் குளிரில் லிஃப்ட் வரிசையில் நின்று தெரியாதவர் பிள்ளைகளுக்கெல்லாம் கையுறை மாட்டிவிட்ட ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருக்கு எந்தக் கம்பெனி ரன்னுக்குப் பெயர் வைக்கும்?

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் என்றுதான் வீட்டில் சொல்வோம். நாற்பத்தொரு வயதில், பிள்ளைகள் சறுக்கிப் போவதைக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, "நீ என்ன மூட்டை காவலா?" என்று கேட்டு எழுப்பியவர். காசு வாங்காமல் மூன்று குளிர்காலம் சொல்லிக்கொடுத்தார். மரங்களுக்குள் கூட்டிப்போக ஆரம்பித்ததும் ஒரே ஒரு கட்டளை: பின்னால் வரும்போது கத்திக்கொண்டே வா. ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களின் தாழ்ந்த கிளைக்கடியில் பனி இறுகாமல் பொலபொலவென்று குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வரமுடியாது, பக்கத்தில் ஆள் இருந்தாலும் தெரியாது. கூச்சல் நின்றால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

எனக்குக் கத்த வெட்கம். அலுவலகத்தில் மீட்டிங்கிலேயே குரல் எழும்பாத ஆள் நான். அடுத்த வாரம் பூஜை அறையிலிருந்து மணியை எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போனேன். வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை. டிங் டிங் என்று நான் மரத்துக்குள் இறங்கியதைப் பார்த்துப் பெரியவர் அன்று முழுக்கச் சிரித்தார். லிஃப்ட் பையன்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு மணி இல்லாமல் வந்தால் மரத்துக்குள் விடமாட்டார்.

2021 மே மாதம் என் அப்பா போனார். ஊரில் கொரோனா இரண்டாம் அலை. அந்த வாரம்தான் இந்தியாவிலிருந்து வருகிற விசாக்காரர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியிருந்தது. போனால் எப்போது திரும்பலாம் என்று தெரியாது, பிள்ளைகள் இங்கே. போகவில்லை. வாட்ஸப்பில் பார்த்தேன், அதுவும் பாதியில் அறுந்தது. இதை நான் இங்கே எழுதியதில்லை. இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

அந்த வருடம் பனி விழுந்ததும் பெரியவர் என்னை ஒரு காட்டுத் திட்டுக்குள் கூட்டிப்போனார். ஒரு மரத்தடியில் தகரக் கிண்ணம், கழுத்துப்பட்டை, ஒரு நாயின் படம். அவர் வளர்த்த நாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம் தம்பி, நானும் சிரித்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையால் கிண்ணத்துப் பனியைத் தட்டினார், பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து அதில் போட்டார். அப்புறம் கேட்டார், "உன் அப்பாவை எங்கே போய்ப் பார்ப்பாய்?"

பதில் இல்லை என்னிடம். ஆஸ்பென் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியதும் அவர்தான்.

2023 கோடையில் அவர் வீட்டிலேயே, தூக்கத்தில் போனார். பனி விழுந்ததும் அவர் மகளும் இன்னும் நாலைந்து பேரும் அந்த ஃபிர் மரத்தடியில் இடம் செய்தார்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். நான் எதைக் கொண்டுபோயிருப்பேன்?

அதைத்தான் தம்பி "மீட்டார்".

அடுத்த கேள்வி இதற்குள் தயாராகியிருக்கும். என் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு நண்பர் எடுத்துப் போட்டுவிட்டார். சென்னையில் எங்கள் தெரு நடைபாதைக் கோயிலை அகற்றச் சொல்லி நான் எழுதியது. "ஊர்ல பிள்ளையார் இருந்தா ஆக்கிரமிப்பு, அமெரிக்கால நாய்க்கு வெச்சா ஆன்மிகமா?" நல்ல கேள்வி. அந்தக் கோயிலுக்கு உண்டியல் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, என் அம்மா சாலையில் இறங்கி நடக்கவேண்டியிருந்தது. இங்கே யாருடைய வழியும் மறையவில்லை. இரண்டும் ஒன்றில்லை. கொஞ்சம் ஒன்றுதான் என்று தோன்றும் நாட்களும் உண்டு, இன்று அப்படிப்பட்ட நாள் இல்லை.

வெள்ளைக்காரப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். எங்கள் ஊர் வாய்க்கால் பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போன ஒரு பெண்ணுக்காக நட்டது. என் பாட்டி புல்லுக்கட்டை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். யார், எந்த வருடம் என்று அவளுக்கும் தெரியாது. வைத்தவர் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். இதைத் தம்பிக்குப் பாடம் எடுத்தா சொல்லவேண்டும்? உடுக்கை போடத் தெரிகிறதே!

"ரகசிய இடம் என்று சொல்லிவிட்டு நீங்களே இப்படி எழுதலாமா?" மலையின் பெயரை நான் எழுதவில்லை, கவனியுங்கள். எழுதியது அவர். வரைபடப் புள்ளியோடு. போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கிளை ஒடிந்த இடத்தில் பிசின் வடிந்து உறைந்திருந்தது. சுற்றிலும் புதுக் காலடித் தடங்கள், ஒரு சிப்ஸ் பாக்கெட். தெர்மாஸ் மூடியைக் காணோம். அவர் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்ல? எடுத்தவன் எங்கள் ஊர்க்காரன் என்றா?

தம்பியின் பெயரைப் போடமாட்டேன், நீங்களும் கமெண்டில் போடாதீர்கள். திட்டவும் வேண்டாம். கெட்ட பையன் என்று நான் நினைக்கவில்லை. ஊர் மணியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் பொய்யில்லை. இரண்டு முறை செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. நேற்று அடுத்த வீடியோ போட்டிருக்கிறார், மணி அவர் வீட்டு ஷெல்ஃபில் பின்னால் இருக்கிறது.

என்னுடையது என்று எப்படி நம்புவது என்று கேட்டால், கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே தொங்குவது மணியின் நாக்கு இல்லை. அது என்றைக்கோ பனியில் விழுந்துவிட்டது. புத்தக அலமாரியைப் பொருத்தியபோது மிஞ்சிய திருகாணியை நான்தான் கம்பியில் கோத்தேன், அதனால்தான் சத்தம் கொஞ்சம் கரகரவென்றிருக்கும். மேலே இருக்கும் சிவப்புக் கயிறு கயிறே இல்லை, என் மனைவியின் பாவாடை நாடா.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தோடு மலையை மூடுகிறார்கள். அதற்குள் அனுப்பினால் நானே போய்க் கட்டிவிடுவேன். முகவரி உங்கள் உள்பெட்டியில் இருக்கிறது, தபால் செலவு என்னுடையது. நாடாவை மட்டும் அவிழ்க்காதீர்கள், அந்த முடிச்சு பெரியவர் போட்டது.