வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் எல்லாம் பங்காளிகளா?

எங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் பழைய ஆலையின் நஞ்சேறிய நிலத்தைச் சீரமைத்து அதன் மேல் கட்டடங்கள் எழுப்பப் போகிறார்கள். அதற்காக ஊர் மக்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, ஓர் அறிக்கையும் வெளியிட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘சமூகப் பங்காளிகள்’ என்ற தலைப்பின் கீழ் 42 பெயர்கள் உள்ளன. பதினேழாவது பெயர் என்னுடையது. நான் எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரவில்லை. அரங்கின் வாசலில் நீட்டப்பட்ட வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன், அவ்வளவுதான்.

தமிழில் பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்கும் உரிமை உள்ளவன்; வேண்டுமானால் சண்டையே போடக்கூடியவன். முடிவெடுத்த பிறகு கைதட்ட அழைக்கப்படுபவனுக்கு நம் மொழியில் வேறு பெயர் உண்டு: பார்வையாளன். நாங்கள் அழைக்கப்பட்டபோது கட்டடங்களின் மாதிரியுருவம் கண்ணாடிப் பெட்டிக்குள் தயாராக இருந்தது. விரல் நீளத்துக்குப் பஞ்சில் செய்த மரங்கள்கூட அதில் நட்டிருந்தார்கள். மண் பரிசோதனையின் முடிவு மட்டும் அன்றைக்கு வந்திருக்கவில்லை. நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அதன் மேல் என்ன கட்டுவது என்று முடிவு செய்துவிட்டு, எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நடைபாதைக்கு எந்த நிறக் கல் பிடிக்கும்?

என் அப்பா அந்த ஆலையின் குரோமியப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர் தூங்கும்போது மூச்சில் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்கும். அது அவருடைய குறட்டை என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தோம். குரோமியப் புகை மூக்கின் நடுச்சுவரை அரித்துத் துளையிட்டிருந்தது என்பதும், அந்தத் துளை வழியாகக் காற்று போகும்போதுதான் அந்த ஒலி எழுகிறது என்பதும் வெகுநாள் கழித்து ஒரு மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஆலையின் வரைபடத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு வட்டம் போட்டு, ‘கசடுக் குழி, மழையில் தண்ணீர் மஞ்சளாக நிற்கும்’ என்று எழுதியிருந்தார். அதன் நகலைத் திட்டக்காரர்களிடம் இரண்டு முறை கொடுத்தேன். அறிக்கையில் மண் மாதிரி எடுத்த 14 இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மாதிரியுருவத்தில் அதே இடத்தில் ஊஞ்சல் இருக்கிறது.

‘மேலே நல்ல மண் போட்டு மூடிவிடுவோம், பயப்பட வேண்டாம்’ என்றார்கள். மூடுவதும் ஒரு வழிமுறைதான், மறுக்கவில்லை. ஆனால் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் கரையும், கரைந்து நிலத்தடி நீரோடு நகரும். மேலே போட்ட மண் கீழே நகர்வதை எப்படித் தடுக்கும்? இதைக் கேட்டபோதுதான் ‘உணர்ச்சிவசப்படாமல் அறிவியல் பேசுங்கள்’ என்ற பதில் வந்தது.

‘மக்களுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று இங்கும் சிலர் எழுதுவீர்கள். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்து லவ் கெனால் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் அங்கே சுமார் 20,000 டன் வேதிக் கழிவைப் புதைத்துவிட்டு, 1953இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்றது. அதன் மேல் பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கு எடுத்தார். பழைய நீரோட்டத் தடங்களை ஒட்டிய வீடுகளில் நோய் கூடுதலாக இருப்பதை அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும்தான் வரைபடத்தில் குறித்துக் காட்டினார்கள். வீட்டுப் பெண்கள் திரட்டிய தகவல் பயனற்றது என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது. 1980 டிசம்பரில், நஞ்சேறிய நிலங்களைச் சுத்தம் செய்வதற்கென்று சூப்பர்ஃபண்ட் சட்டமே வந்தது. எந்தத் தடத்தில் தண்ணீர் ஓடியது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது.

எவ்வளவு சுத்தம் போதும் என்பதும் முழுக்க நிபுணர் கேள்வி அன்று. கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா என்பதில் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. அளந்து சொல்வது ஆய்வுக்கூடத்தின் வேலை. எவ்வளவு மிச்சத்தோடு வாழச் சம்மதம் என்பதை வாழப்போகிறவன்தானே சொல்ல வேண்டும்?

‘இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் முதலீடு போய்விடும், நிலம் நஞ்சாகவே கிடக்கும்’ என்பது இன்னொரு வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவில், தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் உர ஆலைக்கு அருகே வளர்ந்த ஹரால்டு மிட்சல் அக்கம்பக்கத்தாரைத் திரட்டி, ஆலைக்காரர்களையும் அரசையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். அரசிடமிருந்து தொடக்கத்தில் கிடைத்தது 20,000 டாலர். பின்னர் அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த பணம் 25 கோடி டாலரைத் தாண்டியது. மருத்துவ மையமும் வீடுகளும் எழுந்தன. மக்களைக் கேட்டதால் அங்கே முதலீடு ஓடிப்போனதாகத் தெரியவில்லை.

நான் வளர்ச்சிக்கு எதிரி என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அந்த நிலத்தில் பூங்கா வர வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக மனு எழுதியவனே நான்தான். அந்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டுகூட வைத்திருக்கிறேன். உணர்ச்சியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஒவ்வோர் இரவும் அந்தச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவனிடம் எதைக் கழற்றி வாசலில் வைக்கச் சொல்கிறார்கள்?

பதினேழாவது பெயரை நீக்குமாறு இன்று கடிதம் அனுப்பிவிட்டேன். நீக்க முடியாது, அறிக்கை அச்சாகிவிட்டது என்று தொலைபேசியில் பதில் வந்தது. அடுத்த கூட்டத்துக்கும் போவேன், பதிவேட்டில் கையெழுத்திடாமல். நாட்காட்டித் தாளின் நகலையும் எடுத்துப் போகிறேன், மூன்றாவது முறையாக.