போகிளின் பதவி நீக்கமும் குறியீட்டு நிதியும்

வேன்கார்டு என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிளின் வாழ்க்கையைச் சொல்லும், நான் படித்த ஒரு கட்டுரை, 1974 ஜனவரியில் வெலிங்டன் மேலாண்மை என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலிருந்து அவர் நீக்கப்பட்டதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. என் பார்வையில் அவருடைய பிற்காலச் சாதனைகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. 1966இல் பாஸ்டன் நிறுவனமொன்றை இணைத்துக்கொள்ள முன்னின்றவர் அவரே. பின்னர் சந்தை சரிந்தபோது அந்தப் பங்காளிகளே அவரை வெளியேற்றினார்கள். ஆயினும் வெலிங்டனின் பரஸ்பர நிதிகளுக்கு (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்பவை)த் தனி இயக்குநர் குழு இருந்ததால், அதன் ஆதரவோடு அதே ஆண்டில் வேன்கார்டை அவர் தொடங்கினார். நிதிகளே நிறுவனத்துக்கு உரிமையாளர்கள், நிதிகளுக்கோ முதலீட்டாளர்களே உரிமையாளர்கள் என்ற அந்த அமைப்பில், இலாபம் கேட்கும் வெளிப் பங்குதாரர் எவரும் இல்லாததால் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போக முடிந்தது.

தொடக்கத்தில் வேன்கார்டுக்கு நிர்வாகப் பணி மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. முதலீட்டு முடிவுகளும் விற்பனையும் வெலிங்டனிடம் இருந்தன. அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்டு பி 500 குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிக்கு மேலாளரின் தேர்வே தேவையில்லை என்று வாதிட்டு (சாமர்த்தியமான வாதம்தான்) அந்தத் தடையை அவர் தாண்டினார். 1976இல் 15 கோடி டாலர் எதிர்பார்த்த அந்த நிதியின் முதல் வெளியீட்டில் திரண்டது ஏறத்தாழ 1.1 கோடி டாலர் மட்டுமே. 'போகிளின் மடமை' என்று எள்ளினார்கள்.

அவரைக் 'குறியீட்டு முதலீட்டைக் கண்டுபிடித்தவர்' என்று கட்டுரை கூறுவது மிகை. 1971லேயே வெல்ஸ் பார்கோ வங்கி சாம்சனைட் நிறுவனத்தின் ஓய்வூதிய நிதிக்கு அத்தகைய முதலீட்டை அமைத்திருந்தது. அதைச் சாதாரணச் சேமிப்பாளருக்கு எட்டச் செய்தவர் போகிள்; 1977இல் விற்பனைத் தரகுக் கட்டணத்தையும் அகற்றியபோதுதான் அந்த வேலை உண்மையில் நிறைவேறியது.