கலுங்கு பாய்ந்தால் கண்மாய் உடைந்ததாக அர்த்தமா?

முந்தாநாள் ராத்திரி கண்மாய் உடைந்துவிட்டது என்று காரைக்குடி வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றிய அந்த வீடியோவைப் பற்றித்தான். எல்லாரும் பார்த்ததுதான், மறுபடி இங்கே போடமாட்டேன்.

அதில் தெரிவது கலுங்கு. வரிசையாக நட்ட கல், அதைத் தாண்டி வழிந்து படியில் இறங்கும் தண்ணீர். கண்மாய் நிறைந்தால் உபரி நீர் போகத்தான் கலுங்கே கட்டியிருக்கிறது. கரை உடைந்தால் மண்ணை அறுத்துக்கொண்டு செக்கச்செவேலென்று வரும். அதைக்கூடக் கவனிக்காமல் "கண்மாய் உடைஞ்சிருச்சு, ஓடுங்க" என்று ஒரு குரல் பதிவு. எந்தக் கண்மாய்? என்றைக்கு எடுத்தது? யார் பார்த்தது? ஒன்றுக்கும் பதில் இல்லை.

வாட்ஸ்அப்பில் காட்டுவது அனுப்பிய நேரம், எடுத்த நேரம் இல்லை. போன வருஷ மழையும் அதில் இன்றைக்குப் பெய்யும்.

அரசின் பேரிடர் எச்சரிக்கை அமைப்பான சசேத், காமன் அலர்ட்டிங் புரோட்டோகால் என்ற பொது எச்சரிக்கை வடிவத்தில் இயங்குகிறது. யார் வெளியிட்டது, எந்தப் பகுதி, எத்தனை மணி வரை, நிஜமா ஒத்திகையா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. நிலைமை மாறினால் அந்த எச்சரிக்கையையே குறிப்பிட்டு ரத்துச் செய்தி போகும். ஃபார்வர்டை யார் ரத்து செய்வது? உடைப்பு இல்லை என்று ராத்திரியே குரூப்பில் மறுத்தாகிவிட்டது, ஆனாலும் நேற்று மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து ஒரு அண்ணன் "வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சாப்பா" என்று பதறுகிறார்.

"அரசு எச்சரிக்கையில் சிவகங்கை மாவட்டத்தில் கனமழை என்று பொதுவாகச் சொல்கிறார்கள், நம் கண்மாய் பெயர் வருதா?" என்பீர்கள். வராது. அந்தக் குறை நிஜம். அதை நாம் நிரப்ப வேண்டுமென்றால் கண்மாய் பெயர், எந்த மடைப் பக்கம், தேதி, மணி, பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். முதலில் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்குச் சொல்லுங்கள். "உண்மையா" என்று கேட்க நூறு பேர் அதே எண்ணை அழைத்தால், நிஜமாகவே தண்ணீரில் மாட்டியவருக்கு லைன் கிடைக்காது.

"நல்ல மனசுலதானே அனுப்பினேன்" என்ற பதில்தான் மனசை நோகடிக்கிறது. அந்த வீடியோவை நம்பி, நடக்க முடியாத ஒரு ஆச்சியை அந்த மழையில் நனைய நனைய ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் மனசு அவருக்குத் தெரியுமா? தேதி, இடம் கேட்டவர்களை "உயிர்மேல அக்கறை இல்லாதவன்" என்றும் திட்டினீர்கள். அக்கறை இருப்பதால்தான் கேட்டோம்.

போனில் அலறும் அவசர எச்சரிக்கையைத் தொல்லையென்று அணைத்தவர்கள் செட்டிங்ஸில் திரும்பப் போடுங்கள். அதை அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையில் செய்தி நம்பர் பார்த்து வருவதில்லை. அந்த டவர் எல்லையில் உள்ள போன்களுக்கு ஒரே நேரத்தில் வரும், எஸ்எம்எஸ் போல நெரிசலில் சிக்காது.

அட்மின்களே, அந்த வீடியோவை இன்றே எல்லாருக்கும் அழியும்படி நீக்குங்கள். மற்ற குரூப்புகளுக்குப் போன பிரதிகள் அதனால் அழியாது. அனுப்பியவர்கள் ஒவ்வொரு இடமாகப் போய் "அது கலுங்கு, உடைப்பு இல்லை" என்று எழுதத்தான் வேண்டும்.