லயத்து முற்றத்திலும் பார்க்கலாம்

நாடகம் சடங்கிலிருந்து பிறந்தது என்று சொல்லும் கட்டுரையைப் படித்தேன். அதைச் சொல்ல, கட்டுரையாளர் பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் மதுக் கடவுள் டயோனிசஸுக்கு எடுத்த விழாவோடு நின்றுவிட்டார். கடவுளைப் பாடிய குழுவிலிருந்து ஒருவர் விலகி நின்று பேசியபோது நடிகன் பிறந்தான் என்பது மரபு; அந்த ஆண்டு கி.மு. 534 என்றும் அந்த முதல் நடிகன் தெஸ்பிஸ் என்றும் சொல்வார்கள். அந்தக் கணத்தை நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாசி அமாவாசை கழிந்து காமன் கூத்துக்கான கம்பம் நட்டதும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முற்றம் கோயிலாகிவிடும். வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை இரவில் மன்மதனின் கரும்பு வில்லைப் பிடிக்கும். நெருப்பில் காய்ச்சிய தப்புப் பறையின் ஓசை பனியிலும் தோட்டத்தின் அடுத்த டிவிஷன் வரை கேட்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்த பிறகு, ரதி வேடம் கட்டிய ஆண் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைப்பார். என் அப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை மறக்க முடியவில்லை. தாத்தா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பாயிக்கு அது நாடகமா, சடங்கா? இரண்டும்தான்.

அடுத்த கட்டுரையில், அர்ச்சுனன் தவம் செய்வதைக் காட்டும் அர்ச்சுனன் தபசுக் கூத்தையும் எழுதுங்கள். தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறவரை ஒரு தோட்டமே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது.